கிரிகோரி கழுவிய முகங்கள்

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் இருந்த நீலாவுக்கு, படம் எடுக்க வந்த ரஷ்யக் கிழவர் கிரிகோரியைக் கண்டதும் மெய்சிலிர்த்தது. கோயம்புத்தூரில் மில் தொழிற்சங்கக்காரரான அவள் அப்பா, சோவியத் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டிய அணைக்கட்டுத் தொழிலாளர் படம், அதன்கீழே அச்சாகியிருந்த பேரின்படி, இவர் எடுத்ததுதான். சாமி படம் இல்லாத அந்த வீட்டில் அதுதான் சாமி.

சிலிர்ப்பு மத்தியானம்வரைகூடத் தாங்கவில்லை. முப்பது வருஷம் சுரங்கம், அணை, கோதுமை வயல் என்று சுற்றியவர், சோவியத் நாடே இல்லாமல் போனதும் ஷார்ஜாவில் கரையொதுங்கி, ரஷ்யப் பயணிகள் வாங்கும் கம்பளிக்கோட்டுக் கடைகளுக்கு விளம்பரப் படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். இங்கே தொழிலாளர்களை முதலில் குளித்துவரச் சொன்னார். ஸ்டோரிலிருந்து புது ஹெல்மெட் வரவழைத்தார். சூளைக்கு முன்னால் வரிசையாக நிறுத்திப் பல்லைக் காட்டச் சொன்னார். கையில் கட்டுப் போட்டிருந்த தொழிலாளி வீரபாண்டியை மட்டும், "கலாஸ், போதும், போ" என்று விரட்டினார்.

அணைக்கட்டிலும் இப்படித்தான் என்று பீற்றிக்கொண்டார். நொண்டி ஒருவனை வெளியே அனுப்பி, சமையற்காரனுக்கு வெல்டர் சட்டை மாட்டிய பிறகுதான் படம் அமைந்ததாம், பரிசும் கிடைத்ததாம். அந்த நொண்டியின் பேரென்ன என்று நீலா கேட்டாள். பேர் கேட்பது தன் வேலையில்லை என்றார்.

இந்தப் பித்தலாட்டத்தைப் பார்த்தா அப்பா மில் கதவடைப்புக் காலத்தில் கஞ்சி குடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார்? நீலா தன் சின்னக் கேமராவை எடுத்துக்கொண்டு போய், கண்ணிமையெல்லாம் வெள்ளைத் தூசி படிய நிழலில் உட்கார்ந்திருந்த வீரபாண்டியைக் கட்டுக்கையோடு எடுத்தாள். இதுவல்லவா படம் என்று அவனிடமே காட்டினாள்.

அவன் முகம் சுண்டிவிட்டது. "மேடம், இத யாருக்கும் காட்டிராதீக. எம் பொண்டாட்டி பாத்தா, இன்னைக்கே கெளம்பி வாங்கன்னு அழுவா. அந்தக் கெழவர்ட்ட சொல்லி, ஹெல்மெட்டோட ஒண்ணு எடுத்துத் தாங்க."

வேறு வழியில்லாமல் கிரிகோரியிடம் போய்ச் சொன்னாள். அவர் வீரபாண்டிக்குப் புது ஹெல்மெட் ஒன்றை மாட்டிவிட்டார். தன் கைக்குட்டையாலேயே அவன் கன்னத்தைத் துடைத்தார், கட்டுக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார், மோவாயைத் தூக்கிவிட்டு எடுத்தார். ஜெயித்த பெருமைகூட அவர் முகத்தில் இல்லை.

விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் வீரபாண்டிதான் வந்தான். 'எங்கள் குடும்பம்' என்று அதன்கீழே எழுதிக்கொடுத்தவள் நீலா.