பிரவீனா கேட்ட தையல்

உலு திராமில் குடியிருக்கும் பிரவீனா, ஜொகூர் பாருவில் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவை அரங்குத் தாதி. எடைக்குறைப்பு அறுவை என்றால் டாக்டர் ரூபேந்திரன் பக்கத்தில் நிற்பவள் அவள்தான். இருநூறு இரைப்பைகளுக்கு மேல் திரையில் பார்த்திருக்கிறாள். அவர் கை நீட்டும் முன்பே இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளரை எடுத்து வைத்திருப்பாள். அவளுடைய எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. முப்பத்தொன்பது வயதிலேயே சர்க்கரை, முட்டி வலி, படுத்தால் தொண்டைவரை ஏறும் புளிப்பு.

அவளும் அந்த அறுவை மேசையில் படுக்க முடிவெடுத்ததைக் கேள்விப்பட்டு, காஹாங் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் அண்ணன் காளிதாஸ் ஞாயிறன்று நேரில் வந்துவிட்டார்.

“நீயே நர்ஸு. வாயக் கட்டத் தெரியாதா?”

“பதினஞ்சு வருஷமா கட்டித்தாண்ணே பாத்தேன். நாலு தடவ எறக்குனேன். நாலு தடவையும் ரெண்டு கிலோ கூடவே திரும்பி வந்துச்சு.”

“அதுக்காக சாமி குடுத்த வயித்த வெட்டிப் போடுவியா?”

“உங்க அப்பெண்டிக்ஸையும் சாமிதானே குடுத்தாரு? அத வெட்டுனப்ப வேணாம்னு நான் வந்து நின்னேனா?”

அவர் தேநீரைத் தொடாமலே கிளம்பிப் போனார். அவள் தடுக்கவில்லை. இரைப்பையின் மேற்புறம், மண்ணீரலை ஒட்டிப் புடைத்திருக்கும் பகுதிதான் பசியைத் தூண்டும் சுரப்பை அதிகம் உண்டாக்குகிறது என்று அவளுக்குத் தெரியும். தன் பசிக்காக இனி யாரிடமும் தலைகுனிவதில்லை என்று அன்றே தீர்மானித்தாள்.

டாக்டரிடம்தான் பேச்சு கடினமாக இருந்தது. இரைப்பையின் வெளிவளைவு நெடுகிலும் ஸ்டேப்ளர் போட்டு வெட்டி, வாழைப்பழம் பருமனுக்கு ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பது அவர் திட்டம்.

“ஹெர்னியா இருக்கான்னு பாத்துட்டு வெட்டுங்க டாக்டர். இருந்தா தையல் போடணும்.”

“எண்டோஸ்கோப்பியில ஒண்ணும் தெரியலயே, சிஸ்டர்.”

“ஸ்கோப்புல தெரியாதது உள்ள இருந்தத உங்ககூட நின்னு மூணு தடவ பாத்திருக்கேன். உதரவிதானத்து ஓட்டை பெருசா இருந்தா வயிறு நெஞ்சுக்குள்ள ஏறும். அப்படியே வெட்டுனா நெஞ்செரிச்சல் இன்னும் மோசமாகும். இத நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க.”

“அங்க பிரிச்சுப் பாக்க நேரம் ஆகும் லா.”

“ஆகட்டும். என் வயிறுதானே?”

சம்மதப் பத்திரத்தில் அதைத் தன் கையாலேயே எழுதி அவர் முன் நகர்த்தினாள். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அறுவை முடிந்து கண் விழித்தபோது வாய் காய்ந்து, தோள்பட்டை வலித்தது. அறுவைக்காக வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் வருவது அது என்று தெரிந்தும் வலி வலிதான். டாக்டர் கட்டிலருகே வந்து நின்றார்.

“இருந்துச்சு. ரெண்டு விரல் அகலம். இழுத்து மூணு தையல் போட்டேன். கசிவு இல்ல.” அறுவைத் தொப்பியைக் கழற்றினார். “நீங்க சொல்லலன்னா அத விட்டுட்டுப் போயிருப்பேன்.”

அவளுக்கு அழுகை வந்தது. வயிற்றைக் குலுக்காமல் அழப் பார்த்தாள்.

முதல் இரண்டு வாரம் மிடறு மிடறாகத் தண்ணீரும் வடிகட்டிய சூப்பும்தான். ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டு மிளகாய்ச் சம்பல் வாசனைக்கு, ஏன் இதைச் செய்துகொண்டோம் என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாம் மாதம் சீப்பில் கொத்துக்கொத்தாக முடி வந்தது. ஆனால் நெஞ்செரிச்சல் வரவில்லை. சர்க்கரை மாத்திரை பாதியானது.

நான்காம் மாதம், தொண்ணூற்று மூன்று கிலோவோடு, காஹாங்கில் அண்ணன் மகள் சடங்குக்குப் போனாள். மண்டபத்தில் பக்கத்து இலைக்காரர்கள் அவள் இலையையே பார்த்தார்கள். காளிதாஸ் வாளியோடு வந்து ஒரு கரண்டி பிரியாணியும் பெரிய கோழித் துண்டும் வைத்தார்.

“அலமாக், ஆள் பாதியா போய்ட்ட. சாப்புடு. என் வீட்டு விசேஷம்.”

பிரவீனா கோழித் துண்டை எடுத்து வாளியிலேயே திரும்பப் போட்டாள்.

“எனக்கு எவ்ளோ எடம் இருக்குன்னு எனக்குத் தெரியும்ணே. மீன் ஒரு துண்டு வைங்க, போதும்.”

அண்ணனின் முகம் சிவந்தது. அவளும் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்சம் கழித்து அவர் மீன் வாளியை எடுத்துவந்து, சின்னதாகப் பார்த்து ஒரு துண்டு வைத்துவிட்டு நகர்ந்தார்.

அவள் அதை முள் நீக்கி, ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்றாள். பந்தியில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். இலை எடுப்பவர் வந்து அவள் எதிரே நின்றார்.

“இருங்க. நான் இன்னும் முடிக்கல,” என்றாள்.