பூட்டுக்காரர் வீட்டு ஜன்னல்

பூட்டுக்காரர் யாரையும் நம்பமாட்டார். தெருக்கதவுக்கு மூன்று பூட்டு, பீரோவுக்கு இரண்டு. சர்க்கரை டப்பாவுக்கும் ஒன்று மாட்டப் பார்த்தார். பெண்டாட்டி முறைத்த முறைப்பில் விட்டுவிட்டார். கடைக்கு வந்து ஒருவன் சாவி தொலைந்துவிட்டது என்றால், "உன் வீட்டுச் சாவிதானா?" என்று ஒருதரம் கேட்டுவிட்டுத்தான் அரத்தைக் கையில் எடுப்பார்.

இப்பேர்ப்பட்ட மனுஷன் வீட்டில் சாவி இல்லாமல் வந்துபோக ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. சாம்பல் நிறம், பாதிக் காது, பதினாலு வயசு. பூனைதான். பேர் இன்ஸ்பெக்டர். வந்ததும் சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எதுவுமே சரியில்லை என்கிற மாதிரி உட்காரும். அதற்காகச் சமையலறை ஜன்னல் மட்டும் எந்நேரமும் ஒரு சாண் திறந்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் செத்து ஆறு வாரம் ஆகிறது. ஜன்னல் இன்னும் ஒரு சாண் திறந்தேதான் கிடக்கிறது.

"சாத்துங்களேன். சாரல் அடிச்சு அடுப்பு அணைஞ்சு அணைஞ்சு போகுது" என்பாள் பெண்டாட்டி, தினமும்.

"கீல் இறுகிப்போச்சு."

"ஊரார் வீட்டுக் கீலெல்லாம் உங்க கை பட்டா ஆடுது. நம்ம வீட்டுக் கீலுக்கு என்ன கேடு?"

"வீட்டு ஆளுங்க மாதிரிதான் வீட்டுக் கீலும். சொன்ன பேச்சு கேக்காது."

கீலுக்கு ஒரு கேடும் இல்லை. பூனை செத்த மறுநாளே ஒரு கட்டையை ஆப்பு மாதிரிச் செதுக்கி, கீழ்க் கீலுக்குப் பக்கத்தில் தட்டி இறக்கியவர் அவர்தான். ஜன்னலைச் சாத்திவிட்டால் இன்ஸ்பெக்டர் வெளியே என்று ஆகிவிடும். வேறு காரணம் எதுவும் அவருக்குச் சொல்லத் தெரியாது.

ஒரு மழை நாளில் மச்சான் வந்தான். பெண்டாட்டியின் தம்பி, தச்சு வேலை. டீயை வாங்கி வாயில் வைக்கப் போனான். சாரல் நேரே டம்ளருக்குள் விழுந்தது.

"என்ன அத்தான் இது? பூட்டுக்காரர் வீட்டு ஜன்னலே சாத்தாதுன்னு தெரிஞ்சா எவன் உங்க கடைக்கு வருவான்? நகருங்க, நான் பாக்கறேன்."

"உன் வேலையைப் பாருடா."

"இதுதானே என் வேலை."

"டீ ஆறிடும், முதல்ல குடி. இன்னைக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்றாள் அக்காவும்.

அவன் கேட்கவில்லை. சுத்தியலால் இரண்டு தட்டு. ஆப்பு கீழே விழுந்தது.

"இது என்ன?"

"மரம்" என்றார் பூட்டுக்காரர்.

"மரம்னு தச்சனுக்கே சொல்றீங்களா? செதுக்கி, தேய்ச்சு, எண்ணெய் வேற போட்டிருக்கு. கீலே உக்காந்து செஞ்சுதாக்கும்?"

அவர் சுவரைப் பார்த்தார். மச்சான் ஜன்னலை இழுத்தான். அப்போதும் அது அசையவில்லை. எட்டி மேல் கீலைத் தடவினான். இடுக்கில் இறுக்கி அடைத்திருந்த ஒரு துணியை உருவி எடுத்தான். பச்சையில் சின்னப் பூப்போட்ட துணி.

பூட்டுக்காரர் ஆடிப்போய்விட்டார். இது அவர் வேலை இல்லை. "எவன்டா வீட்டுக்குள்ள வந்தான்?" என்று தெருக்கதவுக்கே ஓடினார். மூன்று பூட்டும் சரியாகத்தான் இருந்தன. திரும்பி வந்தபோதுதான் பச்சைச் சேலை ஒன்று ஞாபகம் வந்தது. பெண்டாட்டி மும்முரமாகக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அடுப்பு எரியவே இல்லை.

"ஆறு வாரமா சாத்து சாத்துன்னு என் உயிரை எடுத்தியேடி!"

"எடுக்காம? நான் சொன்னதை என்னைக்காவது செஞ்சிருக்கீங்களா? சும்மா இருந்தா நீங்களாவே சாத்திடுவீங்களோன்னு பயம். கீல் இறுகிப்போச்சுன்னு நீங்க சொன்னதை நம்பாமத்தான் துணியும் வெச்சேன்."

தன்னைவிடச் சந்தேகப் பேர்வழியோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்திருக்கிறோமே என்று பூட்டுக்காரருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. குனிந்து ஆப்பை எடுத்து வேட்டியில் துடைத்தார். அவள் துணிக்குக் கை நீட்டினாள்.

மச்சான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிக்க வந்தவன், அக்காவின் கண்ணைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"சரி, வெளியே மேல ஒரு பலகை அடிச்சுத் தர்றேன், சாரல் வராது. ஆனா ஒரு சாண் எதுக்கு? பாதியாக் குறைச்சுக்கலாமே?"

"அதுக்கு இடுப்பு இடிக்கும்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

மச்சான் பலகைக்கு அளவெடுத்தான்.