தூக்கிப் பிடித்த பிரஷ்

ஹாலிஸ் என் எதிரியா, நண்பனா என்று அந்த வருஷம் முழுக்க எனக்குப் பிடிபடவேயில்லை. இருவரும் அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தில் வீடு வீடாகப் பிரஷ் விற்றோம். அவன் போட்டிக் கம்பெனி. இரண்டாம் உலகப் போர் வந்து பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன் போட்டார்கள். கார் என்னுடையது, தேயாத டயர் நான்கும் அவனுடையவை. வேறு வழியில்லாமல் ஒரே காரில் போனோம். தெருவின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன்.

"உன் பிரஷ்ல பாத்திரம் தேய்ச்சா, பாத்திரம்தான்யா பிரஷைத் தேய்க்கும்," என்பான். மத்தியானம் தன் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்துக் கொடுப்பான். இதில் என்ன சூது என்று யோசித்தபடியே தின்பேன்.

ஜன்னலில் நீல நட்சத்திரக் கொடி தொங்கினால் அந்த வீட்டுப் பிள்ளை போரில் இருக்கிறான். தொப்பி போட்ட அந்நியன் வாசலுக்கு வந்தாலே, சாவுத் தந்தியோ என்று அந்த அம்மாக்களுக்குப் பாதி உயிர் போய்விடும். ஒருத்தி என்னைப் பார்த்து மயங்கியே விழுந்தாள். அதற்குப் பிறகு ஹாலிஸ் ஒரு வழக்கம் கொண்டுவந்தான். கேட்டருகிலேயே பிரஷைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துவிடுவோம். பயப்படாதே, சாவுச் சேதி இல்லை என்று அர்த்தம்.

என் மகன் ரஸ்ஸலும் பசிபிக்கில் இருந்தான். மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. மனைவி இறந்த பின் வீடு பூட்டிக் கிடந்ததால், தந்தி வந்தால் நாங்கள் இருவரும் தங்கும் விடுதிக்கே அனுப்பச் சொல்லியிருந்தேன்.

அன்று ஹாலிஸ் பல்வலி என்று அறையிலேயே படுத்துவிட்டான். பதினொரு மணிக்கு நான் ஒரு வீட்டு வாசலில் நின்றபோது தெருக்கோடியிலிருந்து ஓடிவந்தான். ஒரு கையில் மஞ்சள் தந்தி உறை. மறு கையில், தலைக்கு மேலே, பிரஷ். அதுவும் அவன் தொடவே கூசுகிற என் கம்பெனிப் பிரஷ்.

"உசிரோட இருக்கான்யா! கால்லதான் குண்டு. ஆஸ்பத்திரியில இருக்கான்!"

உறை கிழிந்திருந்தது. எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"என் தந்தியை நீ எப்படிய்யா பிரிக்கலாம்?"

"பிரிக்காம, பிரஷைத் தூக்கறதா வேணாமான்னு எனக்கு எப்படிய்யா தெரியும்?"

அடிக்கத்தான் அவன் சட்டையைப் பிடித்தேன். அப்படியே அவன் தோளில் சாய்ந்து அழுதேன். அவன் பிரஷை இறக்கவேயில்லை.