கொய்யாக்காரியின் கை

நாற்றுப்பண்ணைக் கொய்யாக்காரி சாய்ந்து நின்ற கதவு ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேர் விட்டது. அதன்பிறகு அதை மூட முடியவில்லை. அதற்கு மூன்று வாரம் முன்புவரை அவள் நட்ட கொய்யாக் குச்சிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு கருகிப்போகும். அத்தி பிழைக்கும், மாதுளை பிழைக்கும், கொய்யா மட்டும் வீம்பு பிடிக்கும். மண் பரிசோதனைக்கூடத்து அம்மாள் பழுப்புக் கரைசல் ஒரு புட்டி தந்து, "மண்ணுல இருக்கிற நல்ல பாக்டீரியாதான். குச்சியோட அடியை அரை மணி நேரம் நனைச்சு நடுங்க. கையுறை போட்டுக்கங்க" என்றார். கடைசிச் சொல்லைக் கொய்யாக்காரி காற்றில் விட்டு, வெறுங்கையாலேயே நனைத்து நட்டாள். இருபதாம் நாள் குச்சிகள் அத்தனையும் வேர் பிடித்தன. பிறகு துடைப்பக்கட்டை, மரக்கரண்டி, கதவு. அவளோடு கைகுலுக்கிவிட்டு அரை மணி நேரம் பேரம் பேசிய வாடிக்கையாளர் வாசலிலேயே வேர் விட்டார். தண்ணீர் ஊற்றி, மண்ணை இளக்கி, நோகாமல் பிடுங்கி அனுப்பினார்கள். பரிசோதனைக்கூடத்து அம்மாள் வந்து வேரின் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து கொய்யாக்காரி தன் மகளைத் தொடவில்லை. ஒரே மகள்; தூரத்து நகரத்தில் வேலை கிடைத்து, கிளம்ப நான்கு மாதம் இருந்தது. தொட்டால் இங்கேயே நின்றுவிடுவாள். நின்றால்தான் என்ன என்று மனம் கேட்ட நாட்களில் அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். மகள் காய்ச்சலில் படுத்தபோது ஈரத்துணியை இடுக்கியால் பிடித்து நெற்றியில் போட்டாள்.

ரயில் நிலையத்திலும் நான்கடி தள்ளியே நின்றாள்.

"நான் போறது பிடிக்கலையாம்மா?"

"தொட்டா வேர் விட்டுடுவடி."

"அதுக்குத்தான் அரை மணி நேரம் ஆகுமே. ரயில் பத்து நிமிஷத்துல கிளம்பிடும்."

"போற இடத்துல விட்டா?"

"விடட்டும்மா. வெட்டின குச்சி தாய்ச்செடியிலயா வேர் விடும்? நட்ட இடத்துலதான விடும்?"

மகளே அந்தக் கைகளை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கொய்யாக்காரி பத்து நிமிடமும் எடுக்கவில்லை.

வழியெல்லாம் உள்ளங்கால் குறுகுறுத்ததாக மகள் எழுதினாள். ஆறாவது மாடி அறையில் கால் வைத்ததும் வேர்கள் தரைக்குள் இறங்கின. காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது அவை விட்டுக்கொடுக்கின்றன, மாலையில் பிடித்துக்கொள்கின்றன. விடுமுறை நாட்களில் அறையைத் துடைக்க வரும் பெண், அவற்றைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போகிறாள்.