ஞாயிற்றுக்கிழமைத் தீட்டு

"அங்கனயே நில்லுட்டி. படியத் தாண்டாதே."

தாணம்மாள் தோசைக் கரண்டியை நீட்டி மருமகளை மறித்தாள். ஒரு காலை அடுக்களைக்குள்ளும் மறு காலை வெளியிலும் வைத்தபடி சுஜா நின்றுவிட்டாள். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தாள். ஒரு டம்ளர் வெந்நீர் எடுக்கத்தான் எழுந்து வந்தாள்.

"வெந்நி எடுக்கணும் அத்தே."

"நான் கொண்டு தாறேன். நீ போய் இரி."

அந்த நேரம் பார்த்து சுஜாவின் நைட்டிக்கு அடியில், வயிற்றின் வலப்பக்கத்தில், 'புர்ர்' என்றொரு சத்தம் புறப்பட்டது. நடுவில் ஒரு கணம் நின்று யோசித்தது. பிறகு மீதியையும் சொல்லி முடித்தது.

மேசையில் தோசைக்குக் காத்திருந்த கணபதியப்பன் பேப்பரை மடக்கினார். அவர் தாணம்மாளின் மூத்த மகன், சுஜாவின் கணவன் ஹரிகுமாருக்கு அண்ணன். ஊர் முத்தாரம்மன் கோயில் டிரஸ்ட்டுக்குப் பதினொரு வருடமாகச் செயலாளர். மனைவி இறந்தபிறகு அடுத்த வீட்டில் தனியாகப் படுத்துக்கொண்டாலும் மூன்று வேளைச் சாப்பாடு இங்கேதான்.

"ஏலே ஹரி," என்றார். தம்பி மனைவியிடம் நேராகப் பேசுவது தன் தகுதிக்குக் குறைவு என்று நினைப்பவர். "மலத்தப் பையில கெட்டி இடுப்புல தூக்கிக்கிட்டு ஒரு பொம்பள அடுக்களைக்குள்ள நொழையலாமா? சாமி விளக்கும் அங்கனதானே இருக்கு? முறைன்னு ஒண்ணு உண்டும்லா? அந்தப் பை போறது வரைக்கும் சாய்ப்புல இருக்கட்டும். தட்டும் டம்ளரும் தனியா வச்சிரு."

ஹரிகுமார் மின்வாரியத்தில் முப்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவன். அண்ணன் முன்னால் அவனுக்குத் தெரிந்தது ஒரே வார்த்தைதான்.

"சரிண்ணே."

சுஜா உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தாள்.

எட்டு வருடத்து நோய் அவளுடையது. பெருங்குடல் முழுக்கப் புண். நாளுக்கு இருபது தடவை கழிப்பறைக்கு ஓடவேண்டும். போவதில் பாதி ரத்தம். ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் பூசணிக்காய் மாதிரி உப்பியது. கல்யாண வீடுகளில், "சுஜா, நல்லா கொழுகொழுன்னு ஆயிட்டியே" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். அதே மாத்திரை தூக்கத்தைக் கொண்டுபோனது, மூட்டுகளை நோகடித்தது. அடுத்து வந்த மாத்திரைக்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. சோறு கொதிக்கிற வாடைக்கே குடலைப் புரட்டியது.

அந்த எட்டு வருடமும் இந்த வீட்டில் சமைத்தது சுஜாதான். அவியலுக்குக் காய் நறுக்கும்போது ஓடுவாள். கைகால் கழுவி வந்து தேங்காய் அரைப்பாள். தாளிக்கும்போது அடுப்பை அணைத்துவிட்டு மறுபடியும் ஓடுவாள். அப்போதெல்லாம் தீட்டு யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது.

கடைசியில் மருந்துகள் எல்லாம் கைவிட்டபிறகு டாக்டர்கள் பெருங்குடலையே எடுத்துவிட்டார்கள். உள்ளே தைத்தது ஆறும்வரை சிறுகுடலை வயிற்றில் ஒரு துவாரம் வழியாக வெளியே எடுத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டினார்கள். நாலு மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷன் செய்து குடலை உள்ளே சேர்த்துவிடலாம்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது சுஜா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். சிவந்த ரோஜா மொட்டு போல ஈரமாக ஒரு சதை, தன் இஷ்டத்துக்கு அசைந்துகொண்டிருந்தது. அதிலிருந்து கசிவது பட்ட இடத்தில் தோல் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. பை மாற்றக் கற்றுக்கொடுத்த நர்ஸ் பிரீனா கருங்கல் ஊர்க்காரி. கல்லையும் பேசவைக்கிற வாய்.

"அழாதீங்கக்கா. இதுக்கொரு பேரு வைங்க. பேரு வச்சா பயம் போயிரும். மார்த்தாண்டத்துலேர்ந்து வந்த ஒரு சேச்சி அவங்க நாத்தனார் பேரத்தான் வச்சாங்க, கேட்டியளா?"

சுஜா யோசித்தாள். நேரங்காலம் இல்லாமல் சத்தம் போடுகிறது. எதிரில் ஆள் நிற்கிறதா என்று பார்ப்பதில்லை. யார் சொன்னாலும் கேட்பதில்லை.

"செக்ரட்டரி," என்றாள்.

கட்டில் பக்கத்தில் நின்ற ஹரிகுமார் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, உடனே வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வாரமும் பையைக் காலி செய்து கழுவியவன் அவன்தான். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அந்த மனிதன்தான் வீட்டுக்கு வந்ததும் "சரிண்ணே" என்றான். சுஜாவுக்கு வயிற்றுத் தையலைவிட வலித்தது அதுதான்.

சாய்ப்பு என்பது வீட்டின் பின்பக்கம் ஓடு சாய்த்து இறக்கிய அறை. அந்தக் காலத்தில் அந்த வீட்டுப் பெண்கள் மாதத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்த இடம். பிறகு உர மூட்டை அடுக்கினார்கள். இப்போது மூட்டைகளைத் தள்ளிவிட்டு ஒரு கட்டிலும் ஒரு மின்விசிறியும் போட்டார்கள். நாலு நாள் சுஜா அழுதாள். கோயம்புத்தூரில் படிக்கிற மகள் நந்தனா வீடியோவில் அழைத்தபோது உர மூட்டை தெரியாதபடி ஃபோனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்குக் கண் விழித்தாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் எட்டு மணிவரை அவள் தூங்கியதில்லை. அடுக்களையில் ஏதோ கருகியது. அது தன் வேலை இல்லை என்று நினைவுக்கு வர ஒரு நிமிடம் ஆனது. வந்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

தாணம்மாளுக்கு எழுபது வயது, முட்டுவலி. பத்து நாளில் அடுப்பை மகனிடம் ஒப்படைத்துவிட்டாள். ஹரிகுமார் ஃபோனைப் பார்த்துச் சமைத்தான். ரசத்தில் பருப்பு மிதந்தது, சாம்பாரில் அது கிடைக்கவில்லை. கணபதியப்பன் சட்டம் போட்டவர் என்பதால் வாயைத் திறக்க முடியவில்லை. வேட்டியை இறுக்கி இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. சாய்ப்பிலோ, கஞ்சியும் மட்டி வாழைப்பழமும் தின்று சுஜாவுக்கு நாலு கிலோ கூடியது. தினமும் முற்றத்தில் அரை மணி நேரம் நடந்தாள். பையை ஏழு நிமிடத்தில் மாற்றப் பழகினாள். சுவருக்கு அந்தப்பக்கம் கணபதியப்பன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் செக்ரட்டரி சரியாகக் குரல் கொடுத்தது. அதில் தன் பங்கு எதுவும் இல்லை என்று சுஜா சத்தியம் செய்வாள். வாயு கூட்டும் என்று பிரீனா விலக்கச் சொல்லியிருந்த முட்டைக்கோஸை அவள் ஏன் கேட்டு வாங்கித் தின்றாள் என்பது வேறு விஷயம்.

இரண்டாம் மாதம் ஒரு மதியம், கஞ்சித் தட்டை வாசலில் வைத்துவிட்டு எப்போதும் ஓடிவிடுகிற தாணம்மாள் அன்றைக்குப் போகவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"சுஜா... ஆஸ்பத்திரியில கட்டிக்கிடதுக்கு ஒரு பேடு தந்தாவளே, அது மிச்சம் இருக்கா மக்கா?"

"இருக்கு அத்தே. யாருக்கு?"

தாணம்மாள் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"எனக்குத்தான். தும்முனா போயிரும், இருமுனா போயிரும். துணி மடிச்சி வச்சி வச்சி தொடையெல்லாம் புண்ணாப் போச்சி."

"எத்தன நாளா?"

"ஹரி பெறந்த அன்னையிலேர்ந்து."

சுஜா கணக்குப் போட்டாள். ஹரிகுமாருக்கு நாற்பத்து மூன்று வயது.

"டாக்டர்ட்ட காட்டலையா?"

"எந்த வாயால சொல்லுவேன்? ஒங்க மாமா சாவுறது வரைக்கும் அவருக்கே தெரியாது. விளக்கு ஏத்தக் குனியும்போதுதான் சனியன் கூடுதலா வரும்." கிழவி குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு ஒன்ன மறிச்சேம்லா? ஒன்னப் பாத்துக்கிட்டு இருந்தா என்ன யாரும் பாக்கமாட்டாவன்னு..."

சுஜாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. அடக்கப் பார்த்தாள். வயிறு குலுங்கியது, செக்ரட்டரி நீளமாக ஒரு தீர்மானம் வாசித்தது. தாணம்மாள் திடுக்கிட்டுப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள். சிரித்ததில் உட்காரவேண்டியதாயிற்று.

"எட்டீ, சிரிக்க வைக்காதே, இன்னா போச்சி!"

சுஜா பேடை எடுத்துக் கொடுத்தாள். தோல் எரிச்சலுக்குத் தன்னிடமிருந்த பவுடரையும் கொடுத்தாள். மறுநாளிலிருந்து கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளத் துவையல் வந்தது.

மாசியில் கோயில் கொடைத் திருவிழா வந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். வந்தவர்களில் பெரியவர் தாணுமாலயன், கணபதியப்பனின் சித்தப்பா. தக்கலையிலிருந்து அவர் பஸ் ஏறி வந்தது பாதி அம்மனுக்காக, பாதி சுஜா சின்ன வெங்காயத்தில் வைக்கும் உள்ளித்தீயல் குழம்புக்காக. தாணம்மாள் காலையிலிருந்து தனியாக அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கடே சுஜாவ? தீயல் வாசனையே இல்லையே?"

"அவளுக்குத் தீட்டு சித்தப்பா," என்றார் கணபதியப்பன்.

"இன்னைக்கா?"

"மூணு மாசமா."

"மூணு மாசமா? அதென்னடே தீட்டு?"

சாய்ப்பின் கதவு திறந்தது. சுஜா பச்சைக் கரைச் சேலை உடுத்து, தலை சீவிப் பூ வைத்திருந்தாள். கொடை நாள் அல்லவா. நடுக்கூடத்துக்கு வந்து நின்றாள்.

"நான் சொல்லுதேன் மாமா. எனக்குக் கொடல எடுத்துட்டாவ. வயித்துல பை மாட்டியிருக்கு. அதுதான் தீட்டு." பிறகு கணபதியப்பன் பக்கம் திரும்பினாள். "அத்தான், எனக்கு ஒரு சந்தேகம். காலைல ஆறு இட்டிலி தின்னியளே, அது இப்பம் எங்க இருக்கு?"

"என்ன கேள்வி இது?" முதல் தடவையாக அவர் அவளிடம் நேராகப் பேசிவிட்டார்.

"வயித்துலதானே? அது இந்நேரம் என்னவா ஆயிருக்கும்? எனக்குள்ளது தோலுக்கு வெளிய, ஒட்டி மூடி பத்திரமா இருக்கு. ஒங்களுக்குள்ளது தோலுக்கு உள்ள இருக்கு. அதையும் தூக்கிக்கிட்டுத்தானே மூணு நாளா அம்மன் முன்னால நிக்கிய?"

தாணுமாலயனுக்குப் புரையேறியது. யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். கணபதியப்பனின் காது சிவந்தது.

"உள்ள இருக்கது இயற்க. வெளிய ஒழுகுதுதான் தீட்டு. ஒழுகுத ஒடம்போட விளக்குப் பக்கம் வரப்பிடாது. முறை அதுதான்!"

அடுக்களையில் சாமி விளக்குக்குத் திரி போட்டுவிட்டுத் தாணம்மாள் தீப்பெட்டியை எடுத்திருந்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு அடுக்களை வாசலுக்கு வந்தாள்.

"அப்பம் நானும் சாய்ப்புக்குப் போறேன்."

"அம்மா, நீ சும்மா இரி."

"என்னத்துக்குலே சும்மா இருக்கணும்? எனக்கு நாப்பத்தி மூணு வருசமா ஒழுகுது. இன்னா நிக்கானே ஹரி, இவனப் பெத்த அன்னையிலேர்ந்து. தும்முனா ஒழுகும், குனிஞ்சா ஒழுகும். அந்த ஒடம்போடதான் தெனமும் ரெண்டு நேரம் இந்த விளக்க ஏத்துனேன். நீ கும்புட்டே. நல்லாத்தான் இருக்கே."

கூட்டத்தில் வயதான மூன்று பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி, தன் ரகசியத்தை யாரோ வாசித்துவிட்டதுபோல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

தாணம்மாள் அடுக்களைக்குள் திரும்பிப் போய்த் தனக்கொரு தட்டும் டம்ளரும் எடுத்தாள். "வா மக்கா," என்று மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு சாய்ப்புக்குப் போனாள். கதவைச் சாத்தினாள்.

அடுப்பில் சோறு பாதி வெந்திருந்தது. மறு அடுப்பில் தேங்காய் வறுபட்டுக்கொண்டிருந்தது. இலை போட இன்னும் அரை மணி நேரம்.

"கருகுது அத்தே," என்றாள் சுஜா மூக்கை உறிஞ்சி.

"கருகட்டும். நீ அந்த விசிறியக் கொஞ்சம் இங்க திருப்பு."

சுவருக்கு அந்தப்பக்கம் பாத்திரம் உருண்டது. 'கல்லுப்பு எங்கடே?' என்று தாணுமாலயன் கத்தினார். எது மிளகாய்ப்பொடி, எது மல்லிப்பொடி என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. ஹரிகுமார் கரி அப்பிய கையோடு இரண்டு தட்டில் சோறும் குழம்பும் கொண்டுவந்திருந்தான்.

"ஒங்க அண்ணன் சாப்ட்டாவளா?" என்று கேட்டாள் சுஜா.

"இல்ல. மொதல்ல இங்கதான்." அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். "அன்னைக்கே சொல்லியிருக்கணும் சுஜா."

"ஆமா," என்றாள் அவள். குழம்பு கசந்தது. மாமியாரும் மருமகளும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள்.

இரண்டு பேரும் சாய்ப்பைவிட்டு வராமலே இருக்க, நாலாம் நாள் கணபதியப்பன் பெரியவர்களை விசாரித்துவிட்டதாகவும், நோயாளிக்குத் தோஷமில்லை என்று தெரியவந்ததாகவும் அறிவித்தார். அவர் விசாரித்தது யாரையும் அல்ல, தன் வயிற்றைத்தான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பையோடேயே சுஜா அடுக்களைக்குள் போனாள், விளக்கும் ஏற்றினாள். மாமியாரை நாகர்கோவிலில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் சொன்ன பயிற்சிகளைக் கிழவி கட்டிலில் படுத்து, மூச்சைப் பிடித்து, பத்து வரை எண்ணி ஒழுங்காகச் செய்தாள்.

சித்திரையில் சுஜாவின் குடலை உள்ளே சேர்த்துத் தைத்தார்கள். அதுவும் லேசில் போகவில்லை. முதல் மாதம் பன்னிரண்டு தடவை ஓட்டம், அமில எரிச்சல், உட்காரத் தலையணை. ஆடியில் ஐந்து தடவையாகக் குறைந்தது. ஒருநாள் நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள். வடசேரியில் இறங்கும்போதுதான், வழியில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறதென்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை கணபதியப்பன் மேசைக்கு வந்தபோது மேசை வெறுமையாக இருந்தது. சாய்ப்பின் கதவு சாத்தியிருந்தது.

"சுஜா எங்கலே? அம்ம எங்க?"

"ரெண்டு பேருக்கும் தீட்டு," என்றான் ஹரிகுமார்.

"போன ஞாயித்துக்கெழமையும் இதத்தானே சொன்னே? வாரத்துக்கு ஒருக்க வார தீட்டு எந்த ஊர்ல உண்டு? எழுவது வயசுக்காரிக்கு என்ன தீட்டு?"

சாய்ப்புக்குள்ளிருந்து தாணம்மாளின் குரல் வந்தது. "பொம்பளையளுக்கு என்ன தீட்டு எப்பம் வரும்னு ஒனக்குத்தான் நல்லாத் தெரியுமே மக்கா. நீயே ஒரு நாள் குறிச்சித் தா. ஞாயித்துக்கெழம வேண்டாம்னா திங்களும் செவ்வாயுமா எடுத்துக்கிடுதோம்."

இரண்டு நாளைவிட ஒரு நாள் மேல் என்று கணபதியப்பனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஹரிகுமார் ஒரு முறம் நிறைய உள்ளியையும் ஒரு கத்தியையும் அவர் முன்னால் வைத்தான்.

"உரிங்கண்ணே. மதியத்துக்குத் தீயல்."

அவர் சட்டைக் கையைச் சுருட்டினார். சாய்ப்பில் யாரோ மின்விசிறியைக் கூட்டி வைக்கிற சத்தம் கேட்டது.