பதினொன்று பத்துக்குப் பூட்டிய பட்டியல்

"சீக்கிரம்ணா! அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க!"

ஆவடி பிரவுசிங் சென்டரில் தாரிகா மவுஸைப் பிடுங்காத குறை. பொறியியல் கலந்தாய்வின் விருப்பப் பட்டியலில் கோவைக் கல்லூரியை முதலில் வைத்திருந்தாள். லாக் செய்வது மட்டுமே பாக்கி.

கடைக்கார ஜேம்ஸ் நெற்றியைச் சுருக்கினான். "இன்னா பாப்பா, காலைல பதினொன்னு பத்துக்கே லாக் ஆயிகீது? மொதல்ல இங்க பக்கத்துல பூந்தமல்லி காலேஜ் கீது. கோயம்புத்தூரையே காணோம்."

"மாத்துங்கண்ணா!"

"லாக் பண்ணா அவ்ளோதான். உங்கப்பா நம்பருக்கு வர்ற ஓடிபி இல்லாம எவனும் இதுல கைவெக்க முடியாது."

அப்பாவா? 'எங்க வேணும்னாலும் போய்ப் படி' என்றவரா? பதற்றத்தோடு அவர் எண்ணை அழுத்தினாள்.

எடுத்தது அம்மா. நேற்று பக்கத்தில் உட்கார்ந்து, கோவையையே முதலில் போடச் சொல்லி, பாஸ்வேர்டையும் டைரியில் எழுதி வைத்த அம்மா.

"அப்பா எங்கம்மா?"

"ஃபேக்டரிலதான். உள்ள போன் விடமாட்டாங்கன்னு தினமும் வீட்லதானடி வெச்சிட்டுப் போறாரு, மறந்துட்டியா?"

"அப்போ... காலைல வந்த ஓடிபி?"

"நான்தான் போட்டேன். இனிமே தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம் பாரு."