நான்கரை மில்லிமீட்டர்

உரிமத்தைப் புதுப்பிக்க எனக்கு இன்னும் பன்னிரண்டு மணி நேரப் படிப்பு பாக்கி இருந்தது. அதனால்தான் தொண்ணூற்றாறு பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பாதி அயோவா மாநிலத்தைப் பனியில் கடந்து, மிசிசிப்பிக் கரை ஓட்டல் ஒன்றில் நடந்த இரண்டு நாள் வகுப்புக்குப் போனேன். நான் டார்லின் கோபெக்கி. கைரோபிராக்டர். கையால் முதுகெலும்பைச் சரிசெய்வது என் தொழில். டாமா என்ற சின்ன ஊரில் பதினாறு வருடமாகச் செய்து வந்தேன்.

முதுகெலும்பு எப்படி அசைகிறது, எவ்வளவு அசையலாம் என்பதுதான் பாடம். எங்களுக்கும் மருத்துவர்களுக்கும் சேர்த்தே நடத்தினார்கள். நாங்கள் ஒரு பக்கம், அவர்கள் மறு பக்கம், பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் போல உட்கார்ந்திருந்தோம். பாடம் நடத்த வந்த ஜாய்ஸ் லிண்ட்குவிஸ்ட் எங்களைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள். அவள் டாக்டர் இல்லை, இயந்திரப் பொறியாளர். கார் மோதினால் கழுத்து என்ன ஆகிறது என்று பல வருடம் அளந்தவள்.

"எல்லாரும் எழுந்திருங்க. ஒரு டாக்டர், ஒரு கைரோபிராக்டர். ஜோடி ஜோடியா உட்காருங்க. கடிச்சுக்காம இருந்தா சரி."

எனக்கு வாய்த்தவர் வெண்டல் ஸ்ட்ராண்ட். ஆற்றோரம் இன்னும் மேலே இருந்த ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவின் தலைவர். ஆறடி மூன்று அங்குலம். உட்காரும்போதே சொன்னார்:

"ஆஸ்பத்திரி அனுப்பிச்சதால வந்தேன் டாக்டரம்மா. உங்க ஆளுங்க சொடக்கு எடுத்துட்டு அனுப்புறவங்க கடைசியில எங்கிட்டதான் வர்றாங்க."

"உங்க மாத்திரையைத் தின்னுட்டு எங்கிட்ட வர்றவங்களை நானும்தான் எண்ணிட்டு இருக்கேன்" என்றேன்.

அவர் சிரித்தார். மனிதர் கெட்டவரில்லை என்று அப்போதே தோன்றியது.

ஜாய்ஸ் பேசத் தொடங்கினாள். அரை மணி நேரத்தில் என் தூக்கம் போயிற்று. முறிவைத் தேடாதீர்கள், அசைவைத் தேடுங்கள் என்றாள். எலும்பு முழுசாக இருக்கும், அதைக் கட்டிவைத்திருக்கும் நார் கிழிந்திருக்கும். நேராக நின்று எடுத்த எக்ஸ்ரே படத்தில் ஒன்றுமே தெரியாது. தலையைக் குனிந்து ஒன்று, நிமிர்ந்து ஒன்று எடுத்து, கோடு போட்டு அளக்க வேண்டும். கழுத்தில் ஒரு எலும்பு அடுத்ததன் மேல் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வழுக்கினால் அது ஆபத்து. பதினாறு வருடத்தில் எத்தனை கழுத்துகளைப் பிடித்திருப்பேன்! ஒன்றையாவது இப்படி அளந்திருப்பேனா? கை பரபரத்தது.

மதியச் சாப்பாட்டின்போது வெண்டல் கழுத்தைத் தடவிக்கொண்டே சீண்டினார்.

"ரெண்டு மாசமா பிடிச்சிருக்கு. சாயங்காலம் எல்லார் முன்னாடியும் உங்க வித்தையைக் காட்டுங்களேன். சரியாச்சுன்னா தொப்பியைக் கழட்டி சலாம் போடுறேன்."

"காட்டுறேன். தொப்பி எடுத்துட்டு வந்திருக்கீங்களா?" என்றேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி. நாற்பது பேர் முன்னால் இந்த மலையை நிமிர்த்திக் காட்டப் போகிறேன்!

அதற்கு முன் அளவுப் பயிற்சி. ஆளுக்கு ஒரு ஜோடி எக்ஸ்ரே படம், பெயரை மறைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். படங்களை மாற்றிக்கொண்டோம். வெண்டல் கொடுத்ததை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, மெழுகுப் பென்சிலால் ஒவ்வொரு எலும்பின் பின்முனையிலும் புள்ளி வைத்தேன். நிமிர்ந்த படத்தில் எல்லாம் ஒழுங்கு. குனிந்த படத்தில் ஐந்தாவது எலும்பின் கோடு ஆறாவதை விட்டு விலகி நின்றது.

அளந்தேன். நாலரை மில்லிமீட்டர்.

என் கைதான் ஆடிவிட்டது என்று துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். அதே நாலரை. மூன்றாம் முறையும் அதே.

"ஜாய்ஸ்! இங்க வாங்க, சீக்கிரம்!"

அவள் தன் அளவுகோலை வைத்தாள். சுற்றிலும் நாற்காலிகள் இழுபட்டன.

"படத்துல எல்லாமே கொஞ்சம் பெரிசாத் தெரியும். அதைக் கழிச்சாலும் நாலு இருக்கு. டார்லின், சரியாப் பிடிச்சுட்டீங்க!"

யாரோ கைதட்டினார்கள். நான் துள்ளாத குறை. வெண்டல் பக்கம் திரும்பினேன்.

"யாரு இந்த ஆளு? இப்போ எங்க இருக்காரு? அவர் கழுத்துல யாரும் கை வைக்கக் கூடாது. உடனே போன் பண்ணுங்க."

அவர் படத்தின் மூலையில் ஒட்டியிருந்த வெள்ளை நாடாவை நகத்தால் மெல்ல உரித்தார். ஸ்ட்ராண்ட், வெண்டல் என்று இருந்தது.

"டிசம்பர்ல பனியில ஒரு தானிய லாரி பின்னால வந்து இடிச்சுது" என்றார். குரல் சின்னதாகியிருந்தது. "படத்தை நானேதான் பார்த்தேன். முறிவு இல்லைன்னு மூடி வச்சுட்டேன். இன்னிக்குக் காலையில வீட்டு வாசல்ல பனி அள்ளிட்டு வந்தேன்."

கைதட்டல் நின்றுபோயிற்று. சாயங்காலம் இந்தக் கழுத்தைத்தான் நான் திருப்புவதாக இருந்தேன். ஒரு மனிதரின் உயிரை அளந்துவிட்டுத் துள்ளப் பார்த்திருக்கிறேனே!

"அசையாதீங்க. தலையைத் திருப்பாதீங்க. கையில மரத்துப்போன மாதிரி இருக்கா?"

"இடது கட்டைவிரல். ஒரு வாரமா."

ஜாய்ஸ் செய்துகாட்டக் கொண்டுவந்திருந்த கெட்டிக் கழுத்துப்பட்டையை ஓடிப்போய் எடுத்தாள். நான்தான் மாட்டினேன். அவ்வளவு மெதுவாக யார் கழுத்தையும் நான் தொட்டதில்லை. இன்னொரு டாக்டர் அயோவா சிட்டியில் ஒரு அறுவை நிபுணரைப் போனில் பிடித்தார். ஆம்புலன்ஸ் வந்ததும் நானும் ஏறிக்கொண்டேன்.

"உங்க மணி நேரக் கணக்கு போயிடுமே" என்றார் வெண்டல், படுத்தபடி.

"வாயை மூடிட்டு கூரையைப் பாருங்க டாக்டரய்யா."

திங்கட்கிழமை அறுவை நடந்தது. இரண்டு எலும்புகளையும் ஒரு தகட்டால் இணைத்தார்கள். நார் சுத்தமாகக் கிழிந்திருந்ததாம். நாலாம் நாள் போய்ப் பார்த்தேன். கட்டைவிரலை என் முகத்துக்கு நேராக ஆட்டினார். "உணர்ச்சி வந்துடுச்சு, பாருங்க! பாருங்க!" என்று அந்த ஆறடி மனிதர் குழந்தை போல அழுதார். நானும் அழுதேன்.

விட்டுப்போன மணி நேரங்களுக்காக மே மாதம் நான் வேறொரு வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. ஆனால் அதற்கு முன்பே, ஏப்ரலில், தன் ஆஸ்பத்திரியில் பேச வெண்டல் என்னை அழைத்துவிட்டார். ஒரு கைரோபிராக்டர் அங்கே உள்ளே வந்ததே அதுதான் முதல் தடவை. பதினொரு டாக்டர்கள். வெண்டலின் படத்தை மாட்டி, கோடு போட்டு அளந்து காட்டினேன். முன்வரிசையில் ஒரு வயதான எலும்பு மருத்துவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் கோட்டை எங்க வேணாலும் போடலாமே அம்மா. உங்களுக்கு வேணுங்கிற மாதிரி போட்டுக்கிட்டா?"

நான் வாதாடவில்லை. பென்சிலை அவரிடம் நீட்டினேன்.

"நீங்களே போடுங்க சார்."

எழுந்து வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, புள்ளி வைத்து, கோடு இழுத்து, அளந்தார். துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்:

"இன்னொரு படம் மாட்டுங்க."

அன்று ஒன்பது படங்கள் மாட்டினோம்.